கேண்டீன்காரர்கள் ஊசிக்கு ஏன் முரண்டு பிடிக்கிறார்கள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். ஆலை கேண்டீனில் வேலை பார்க்கும் 18 பேரும் டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும் என்று நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, 7 பேர் மாட்டோம் என்கிறார்கள். இதே 7 பேரும் 2021-இல் கொரோனா ஊசியை இரண்டு டோஸும் போட்டுக்கொண்டவர்கள். 'அப்போது ஒத்துக்கொண்டவர்கள் இப்போது ஏன் மறுக்கிறார்கள், வேலையிடத்தில் ஊசி கட்டாயம் என்பதை ஜனங்கள் உண்மையில் ஏற்கிறார்களா இல்லையா, மறுப்பவர்களை நிறுத்தலாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் எனக்கு இடறுவது 'ஒத்துக்கொண்டவர்கள்' என்ற சொல்தான். அவர்கள் போட்டுக்கொண்டார்கள், அது நிச்சயம். ஒத்துக்கொண்டார்களா என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கிற கேள்வி.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 16 வருடமாக ஆலை மருத்துவராக இருக்கிறேன். எம்.பி.பி.எஸ். முடித்து அப்புறம் தொழிற்சாலை மருத்துவத்துக்கான மூன்று மாதப் படிப்பு. வக்கீல் இல்லை, அதனால் சட்டம் பற்றிச் சொல்வதை ஒரு மருத்துவர் படித்துத் தெரிந்துகொண்டதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவர்களும் பெரும்பாலும் வாகன உதிரிபாக ஆலைகளின் ஆண்கள். திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண்களிடம் கேட்டால் வேறு கதை வரலாம்.

2021-ஐ இப்போது எல்லோரும் ஒரே மூச்சாக நினைவு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆலையில் அது மூன்று தனித்தனிக் காலம். ஏப்ரல் 11 முதல் 45 வயது தாண்டியவர்களுக்கு வேலையிடத்திலேயே முகாம் போடலாம் என்று மத்திய அரசு அனுமதி கொடுத்தது. நாங்கள் ஓ.எச்.சி. (ஆலைக்குள் இருக்கும் மருத்துவ மையம்) வாசலில் ஷாமியானா கட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம், ஆள் வரவில்லை. அந்த வாரமே, 15-ஆம் தேதி நடிகர் விவேக் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு எல்லோரையும் போட்டுக்கொள்ளச் சொன்னார், 17-ஆம் தேதி காலை மாரடைப்பில் இறந்துபோனார். அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தேசியக் குழு அக்டோபரில்தான் சொன்னது. இடைப்பட்ட ஆறு மாதம் ஷாப் ஃப்ளோரில் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் இரண்டாம் அலை. ஆக்சிஜன் இல்லை, படுக்கை இல்லை, ஒரே லைனில் நின்று வேலை பார்த்தவன் போய்விட்டான். ஏப்ரலில் என்னைக் கண்டதும் வேறு பக்கம் நடந்தவர்கள் ராத்திரி 11 மணிக்குப் போன் பண்ணி "சார், எனக்கும் வீட்டுக்காரிக்கும் ரெண்டு ஊசி கிடைக்குமா" என்று கேட்டார்கள். அப்போது ஊசி இல்லை. ஒரகடம் ரெனோ நிசான் ஆலையில் போதிய இடைவெளி இல்லை, பாதுகாப்பு இல்லை என்று தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனதும் அதே மாதம்தான். அதாவது மே மாதத்தில் பாதுகாப்பைக் கேட்டு முன்னால் நின்றது தொழிலாளர்கள்.

மூன்றாவது காலம் நவம்பர். ஊசி தாராளமாகக் கிடைத்தது, தொற்று இறங்கியிருந்தது, போடாமல் மிச்சமிருந்தவர்கள் கொஞ்சம் பேர். அப்போதுதான் கட்டாயம் வந்தது. பொது இடத்துக்கு வருபவர்கள் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி அறிவித்தது, ஆலைகள் அதை கேட்டில் ஒட்டின, சர்டிபிகேட் இல்லாதவனை செக்யூரிட்டி திருப்பி அனுப்பினார். ஒரே ஆள், ஏழே மாதத்தில், பயந்து ஒதுங்கினான், கெஞ்சிக் கேட்டான், பிறகு மிரட்டலுக்குப் போட்டுக்கொண்டான். இதில் எதை அவனுடைய 'மனப்பான்மை' என்று எழுதுவது?

நவம்பரில் மிச்சமிருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினேன். பிள்ளை பிறக்காது, இரண்டு வருடத்தில் செத்துப்போவோம் என்கிற வாட்ஸப் கதைகளுக்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். அதைக் கேட்டவர்கள் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு வெல்டர், காண்ட்ராக்ட் ஆள், உடைந்த தமிழில் ஒரே கேள்வி கேட்டார்: "நாளைக்கு ஃபீவர் வந்தா ஹாஜிரி?" ஹாஜிரி என்றால் வருகைப் பதிவு. ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலி போகும், அது மட்டுமில்லை, மாதக் கடைசியில் வரும் அட்டெண்டன்ஸ் போனஸும் மொத்தமாகப் போகும். ஊசி இலவசம்தான், அவருக்கு மட்டும் அது இலவசம் இல்லை. எச்.ஆரிடம் மல்லுக்கட்டி, ஊசி போட்ட மறுநாள் வராவிட்டாலும் வந்ததாகக் கணக்கு, காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் சேர்த்து என்று எழுதி வாங்கினேன். அடுத்த முகாமில் அவர் வரிசையில் நான்காவது ஆள். கட்டாய நோட்டீஸ் செய்யாததை ஹாஜிரி செய்தது என்று நான் நினைக்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் இருந்ததால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இதே பாடத்தை அரசும் கற்றுக்கொண்டது. 2021 செப்டம்பர் 12-இல் ஆரம்பித்த மெகா முகாம்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்தார்கள். ஞாயிறு என்றால் நம் ஊரில் கறி எடுப்பார்கள், சிலர் குடிப்பார்கள். ஊசி போட்டால் இரண்டையும் தொடக்கூடாது என்று ஊரெல்லாம் பேச்சு. மருத்துவ ரீதியாகக் கறிக்கும் ஊசிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனாலும் அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியனே காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. மூடநம்பிக்கை என்று திட்டிக்கொண்டிருக்காமல் கிழமையை மாற்றிவிட்டார்கள்.

சரி, கருத்துக்கணிப்புகள் என்ன சொல்கின்றன? வேலையிடக் கட்டாயம் பற்றி அதிகம் கேட்டு எழுதியவர்கள் அமெரிக்கர்கள், அதனால் அங்கே போவோம். 2021 அக்டோபரில் கைசர் குடும்ப அறக்கட்டளை என்ற சுகாதார ஆய்வு அமைப்பு எடுத்த கணிப்பில், ஊசி போடாத தொழிலாளர்களில் 37 சதவீதம் பேர், ஊசி அல்லது வாராவாரம் பரிசோதனை என்று கம்பெனி சொன்னால் வேலையை விட்டுவிடுவோம் என்றார்கள். பரிசோதனை என்ற மாற்றுவழியே இல்லை, ஊசி மட்டும்தான் என்று கேட்டபோது அது 72 சதவீதமாக ஏறியது. அதே கணிப்பில், கட்டாயத்தால் உண்மையிலேயே வேலையை விட்டதாகச் சொன்னவர்கள் ஊசி போடாதவர்களில் 5 சதவீதம், மொத்தப் பெரியவர்களில் 1 சதவீதம். விட்டுவிடுவேன் என்று சொன்னவர்கள் எல்லோரும் அந்த நெருக்கடிக்கு ஆளானவர்கள் இல்லை என்பதால் இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைத்துக் கழிக்கக்கூடாது. ஆனாலும் சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே உள்ள தூரம் தெரிகிறது. அதே நாட்டின் ஹூஸ்டன் மெதடிஸ்ட் மருத்துவமனையில் ஏறக்குறைய 26,000 ஊழியர்களுக்கு ஊசி கட்டாயம் என்றார்கள். வழக்கு, ஆர்ப்பாட்டம் என்று பெரிய சத்தம் கேட்டது. கடைசியில் 2021 ஜூனில் வெளியேறியவர்களும் வெளியேற்றப்பட்டவர்களும் சேர்த்து 153 பேர்.

இதைக் காட்டி 'பார்த்தீர்களா, கட்டாயம் வேலை செய்கிறது' என்று உங்கள் எச்.ஆர். மேலாளர் சொல்லக்கூடும். ஊசி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். வீட்டு வாடகை, பிள்ளை ஸ்கூல் ஃபீஸ் என்று இருக்கிறவன் கையை நீட்டத்தான் செய்வான். அதை ஆதரவு என்று கணக்கெழுதுவதுதான் தப்பு. எங்களிடம் ஒருவர் இரண்டாம் டோஸ் போட்டதாக கோவின் மெசேஜைக் காட்டி கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார். மூன்று மாதம் கழித்துச் சுகர் மாத்திரை வாங்க வந்தபோது பேச்சுவாக்கில், அந்த ஊசி தன் உடம்பில் ஏறவே இல்லை, சர்டிபிகேட் மட்டும் வந்தது என்றார். ரெக்கார்டில் அவர் ஒத்துழைத்தவர்.

கட்டாயம் என்ற சொல்லே இல்லாமல் நடக்கிற கட்டாயங்களும் நிறைய. கப்பலில் போகிறவர்கள் கிண்டி கிங் நிலையம் போன்ற இடங்களில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்வார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லும், 2016 முதல் ஆயுளுக்கும் ஒரே ஊசி போதும். எந்த மாலுமியும் இதை எதிர்த்துக் கொடி பிடித்து நான் பார்த்ததில்லை. வேலையில் சேருவதற்கு முன்னாடியே தெரியும், எதற்கு என்று தெரியும், அந்த அட்டை அவன் சொத்து, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கூடவே வரும். இதற்கு நேர் எதிர் அனுபவம் எனக்கே உண்டு. ஹவுஸ் சர்ஜன் முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தபோது ஹெபடைடிஸ் பி மூன்று டோஸ் போட்டே ஆக வேண்டும் என்றார்கள். நியாயமான விஷயம், ரத்தத்தில் கை வைக்கிறவனுக்கு அது அவசியம், நானே கேட்டு வாங்கியிருப்பேன். ஆனால் முதல் மாதச் சம்பளத்தில் ஊசிக் காசைப் பிடித்துவிட்டார்கள், கேட்டதற்கு 'பாலிசி' என்றார்கள். இத்தனை வருடம் ஆகியும் அந்தக் கடுப்பு எனக்குப் போகவில்லை. ஊசி மேல் இல்லை.

யாருக்குக் கட்டாயம் என்பதைப் பொறுத்தும் ஜனங்களின் மனசு மாறுகிறது. நோயாளியைத் தொடுகிறவர் போட்டிருக்கட்டும் என்பதற்குத் தலையாட்டுகிறவர்கள் எல்லா அலுவலகத்துக்கும் கட்டாயம் என்றால் முகம் சுளிப்பார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2022 ஜனவரி 13-ஆம் தேதி ஏறக்குறைய இந்தக் கோட்டில்தான் நின்றது. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகளில் ஊசி அல்லது பரிசோதனை என்ற அரசு விதியை நிறுத்திவைத்தது, அதே நாளில் அரசு நிதி பெறும் மருத்துவமனை ஊழியர்களுக்கான விதியை அனுமதித்தது. ஆனால் அந்தக் கோடும் எப்போதும் தாங்குவதில்லை. இங்கிலாந்தில் முதியோர் காப்பகங்களில் வேலை செய்ய ஊசி கட்டாயம் என்று 2021 நவம்பர் 11-இல் கொண்டுவந்து, 2022 மார்ச் 15-இல் அவர்களே ரத்து செய்தார்கள். குறைந்த கூலி, ஆள் பற்றாக்குறை, முதல் அலையில் வாசலில் நின்ற ஜனங்களிடம் கைதட்டல் வாங்கியவர்கள், அவர்களிடமே அடுத்த வருடம் 'போடு, இல்லையென்றால் போ' என்றால் எப்படி இருக்கும்? ஒமிக்ரான் வந்தபிறகு மருத்துவக் காரணமும் பலவீனமாகிவிட்டது.

அந்த மருத்துவக் காரணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பிற்பாடு வந்த கோபத்தில் பாதி அங்கிருந்து வந்தது. கொரோனா ஊசி சாவையும் ஆஸ்பத்திரிச் சேர்க்கையையும் பெரிதாகக் குறைத்தது, இதில் சந்தேகமில்லை. பிறருக்குப் பரவுவதை எவ்வளவு தடுத்தது என்பது டெல்டாவில் ஒரு மாதிரி, ஒமிக்ரானில் இன்னும் குறைவு, அதுவும் மாதங்கள் போகப்போக மங்கியது. 'உன் பக்கத்து ஆளுக்காகப் போடு' என்று சொல்லித்தானே கட்டாயமாக்கினோம்? அந்த வாதம் தேய்ந்த பிறகும் நோட்டீஸ் சுவரிலேயே இருந்தது. நானும் அதைக் கிழிக்கச் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

2024-இல் கோவிஷீல்டு விவகாரம் வந்தது. மிக அரிதாக ரத்தம் உறைந்து தட்டணுக்கள் குறையும் பாதிப்பு ஏற்படலாம் என்று, அந்த ஊசியை உருவாக்கிய அஸ்ட்ராசெனகா கம்பெனி லண்டன் நீதிமன்றத்தில் சமர்ப்பித்த ஆவணம் செய்தியானது. மருத்துவர்களுக்கு அது புதிதில்லை, ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரலிலேயே சொன்ன விஷயம். பாதிப்பு வந்தால் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரும், மூன்று வருடம் கழித்து வராது. இதைச் சொல்லிச் சொல்லி அந்த மாதம் என் தொண்டை வறண்டது. ஒரு லைன் லீடர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி டாக்டர், அன்னைக்கு கேட்ல நிறுத்துனப்ப இதைச் சொன்னீங்களா?" என்றார். சொல்லவில்லை. உங்கள் 7 பேருக்குள்ளும் இந்த லைன் லீடர் ஒருவர் இருப்பார் என்பது என் ஊகம். 2021-இல் மிரட்டி வாங்கிய கையெழுத்துக்கான பாக்கியை இப்போது டைபாய்டு ஊசி கட்டிக்கொண்டிருக்கிறது.

சட்டத்துக்கு வருவோம். சம்மதம் இல்லாமல் ஒருவர் உடம்பில் ஊசி போட முடியாது, இதில் குழப்பமில்லை. கடைக்காரர்களும் டாக்ஸி ஓட்டுநர்களும் போட்டே ஆக வேண்டும் என்ற உத்தரவை மேகாலயா உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் ஏற்கவில்லை, ஊசியையும் நூறுநாள் வேலை அட்டையையும் முடிச்சுப் போட்டதை மணிப்பூர் உயர் நீதிமன்றம் அடுத்த மாதம் தடுத்தது. 2022 மே 2-ஆம் தேதி ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவின்படி யாரையும் ஊசி போட வற்புறுத்த முடியாது என்றது. ஆனால் பொதுச் சுகாதார நலனுக்காக அரசு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொன்னது. தொற்று குறைவாக இருந்த அன்றைய நிலையில், ஊசி போடாதவர்கள் மேல் போட்ட தடைகளைத் தனியார் நிறுவனங்களும் மறுபரிசீலனை செய்யட்டும் என்றது. அந்தத் தீர்ப்பு கொரோனா ஊசி பற்றியது, அன்றைய நிலவரம் பற்றியது. அதை அப்படியே கேண்டீனுக்குத் தூக்கி வராதீர்கள்.

ஏனென்றால் கேண்டீனுக்குத் தனி விதி ஏற்கனவே இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு உரிமம் தொடர்பான விதிகளின் 4-ஆவது அட்டவணை, உணவைக் கையாள்பவர்களுக்கு வருடம் ஒரு முறை மருத்துவப் பரிசோதனையும் டைபாய்டு வகை நோய்களுக்கான தடுப்பூசியும் வேண்டும் என்கிறது. 2011-இலிருந்து இருப்பது. உங்கள் நோட்டீஸில் இதைப் போட்டார்களா? போடவில்லை என்றால் படிக்கிறவனுக்கு அது ஏதோ மேனேஜருக்குத் திடீரென்று தோன்றிய யோசனையாகத்தான் தெரியும். 'வேற யாருக்கும் இல்லாம எங்களுக்கு மட்டும் ஏன், நாங்க என்ன நோய்க்காரங்களா' என்று கேட்பார்கள். அது நியாயமான ரோஷம்.

அவர்களிடம் ஊசியைப் பற்றிச் சொல்லும்போது உள்ளதை மட்டும் சொல்லுங்கள். டைபாய்டு ஊசி போட்டவருக்கு நல்ல பாதுகாப்பு கொடுக்கும், முழுப் பாதுகாப்பு இல்லை. பழைய வகை என்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும், புதிய கான்ஜுகேட் வகை இன்னும் அதிக நாள் தாங்குகிறது. கை வலி, ஒரு நாள் காய்ச்சல் வரலாம். இன்னொன்று, நிர்வாகம் கேட்க விரும்பாதது: நோய் அறிகுறியே இல்லாமல் கிருமியைச் சுமக்கிறவரை இந்த ஊசி குணமாக்காது. நியூயார்க்கில் மேரி மாலன் என்ற சமையல்காரி அப்படித்தான், தனக்கு எதுவும் இல்லை என்று கடைசி வரை நம்பினார். 1907-இல் பிடித்துத் தனிமைப்படுத்தினார்கள், சமைக்கக்கூடாது என்ற நிபந்தனையில் விட்டார்கள், பிழைப்புக்கு வேறு வழியில்லாமல் திரும்பவும் சமைக்கப் போனார், 1915-இல் திரும்பவும் பிடித்தார்கள், 1938-இல் சாகும்வரை அடைத்தே வைத்திருந்தார்கள். வேலையைப் பறித்தார்கள், உருப்படியான மாற்று வேலை கொடுக்கவில்லை, ஒளிந்து சமைத்தார். அதனால் ஊசி போட்டாயிற்று என்று கழிப்பறையில் சோப்பு வைப்பதை நிறுத்திவிடாதீர்கள். போய்ப் பாருங்கள், உங்கள் கேண்டீன் ஆட்கள் பயன்படுத்தும் கழிப்பறையில் இப்போது சோப்பு இருக்கிறதா? குழாயில் தண்ணீர் வருகிறதா? அது இல்லாமல் ஊசி நோட்டீஸ் ஒட்டினால் அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

நிறுத்தலாமா என்ற கேள்விக்கு என் பதில், அதற்கு முன் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. 7 பேரையும் கும்பலாக நிற்க வைத்துப் பேசாதீர்கள், கும்பலில் எவனும் பின்வாங்க மாட்டான். தனித்தனியாக, மேஸ்திரி பக்கத்தில் இல்லாமல், மருத்துவரோ நர்ஸோ பேசட்டும். முன்பு ஏதாவது ஊசியில் கடுமையான ஒவ்வாமை வந்தவர், இப்போது காய்ச்சலில் இருப்பவர், கர்ப்பமாக இருப்பவர் இவர்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். முகாமைச் சனிக்கிழமை வைத்தால் ஞாயிறு ஓய்வு கிடைக்கும், கறி பிரச்சினைக்கு வெள்ளிக்கிழமை இன்னும் உத்தமம். இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் வேண்டாம் என்றால் அவரை ஸ்டோருக்கோ தோட்டத்துக்கோ அதே சம்பளத்தில் மாற்றுங்கள், அடுப்படியில் மட்டும் வேண்டாம்.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. அந்த 7 பேரும் கம்பெனி ரோலில் இருப்பவர்களா, கேண்டீன் காண்ட்ராக்டரின் ஆட்களா? காண்ட்ராக்டர் ஆட்கள் என்றால், யாரிடமும் ஊசியைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் முன், டைபாய்டு ஊசி ஏற்கனவே போட்டுக்கொண்ட மற்ற 11 பேரின் போன மாதச் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். ஊசிக் காசு என்று ஏதாவது பிடித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், அப்புறம் மேற்கொண்டு பேசலாம்.